பொட்டு வைத்த பிஸ்கட்

நெற்றியிலிருந்து எடுத்த ஒட்டுப்பொட்டைக் குப்பைக்கூடைக்குள் போடும் பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. குளியலறைக் கண்ணாடி, அலுமாரிக் கதவு, ஃபிரிட்ஜின் பக்கவாட்டு, கைப்பேசியின் முதுகு என்று கைக்கு எட்டிய இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. நாளைக்கு உதவும் என்பது நினைப்பு. நாளைக்கும் புதுப் பொட்டுத்தான் வைப்போம் என்பது வேறு விஷயம். கல்யாணமான புதிதில் நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்குக் குடிபோனபோது, முன்பிருந்த வீட்டுக்காரிக்கு என்ன நிறச் சேலை பிடிக்கும் என்பதைக் குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன். (இவர் அதைப் பெரிய துப்பறியும் மூளை என்று நினைத்தார். புது மாப்பிள்ளைதானே, நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.)

இந்தப் பழக்கம் வீட்டுக்குள் இருக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. நான் அதை இரத்மலானையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்குள் கொண்டுபோனேன்.

அப்போது நான் வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கூடவே தொழில் வழிகாட்டல் பொறுப்பும் என் தலையில்தான். கொழும்புத் தமிழ் வீடுகளில் தொழில் வழிகாட்டல் என்பது மிகவும் சுலபமான வேலை. டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன். மூன்றும் சரிவராவிட்டால் கனடா. இதற்கு ஒரு ஆசிரியை எதற்கு என்று அதிபரே ஒருநாள் என்னைக் கேட்டிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் இரத்மலானைத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்த பெண் பிள்ளைகளை எடுத்து ஒரு வருடம் பயிற்சி கொடுப்பார்கள். இயந்திரங்களை இயக்குவது, பழுது பார்ப்பது, தரம் பார்ப்பது எல்லாம் அதில் அடக்கம். பயிற்சியில் தேறினால் அங்கேயே வேலை. முதலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள், பிடித்தால் பேசலாம் என்றார்கள். எங்கள் பாடசாலைக்கு அப்படி ஒரு வாய்ப்பு அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சனிக்கிழமைகளில் விசேஷ வகுப்பு வைத்தேன். பெல்ட் எப்படி ஓடும், சென்சர் எப்படி வேலை செய்யும், தொழிற்சாலைக்குள் எப்படி நடக்கவேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். நேர்முகப் பரீட்சை ஒத்திகையில் முகாமையாளராக நானே நடித்தேன். (அதுவரை நான் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் கால் வைத்தவள் இல்லை. மருதானையில் தையல் மெஷின் திருத்தும் கடையோடு என் தொழிற்துறை அனுபவம் முடிந்துவிட்டது. ஆனால் கதைத்த கதையைக் கேட்டால் பிஸ்கட்டைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று நினைப்பீர்கள்.)

வகுப்பில் தர்சிகா என்று ஒரு பிள்ளை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் வகுப்பறை ஃபேன் நின்றால் காவலாளிக்குச் சொல்லுமுன் கதிரைமேல் ஏறி நிற்பாள். ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்.

"மிஸ், அப்பா வாங்கித் தந்த எக்கவுண்டன்சி புத்தகத்தைத் திறந்தா எனக்கு நித்திரை வருது. மெஷினைக் கண்டா வந்த நித்திரையும் போகுது. எப்பிடியாவது அப்பாவோட கதையுங்கோ மிஸ்."

அப்பா சிவபாலன் அண்ணருக்குக் காலி வீதியில் புடவைக்கடை. கடையைவிட அவருடைய மீசை பிரசித்தம். கடைக்குள் நான் தர்சிகாவோடு போய் விஷயத்தைச் சொன்னதும், விரித்த சேலையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், ஃபெக்டரிக்கு அனுப்பவோ நான் இவளை இவ்வளவு படிப்பிச்சனான்? அங்க ஒருத்தன் விசிலடிப்பான், இவள் ஓடோணும். இவளின்ர சொல்லை அங்க ஆர் கேக்கப்போறான்?"

நான் விடவில்லை. இயந்திரம், எதிர்காலம், நாட்டின் உற்பத்தி என்று மூச்சுவிடாமல் கதைத்தேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் இருவர் பயந்துபோய்த் திரும்பிப் போனார்கள். கடைசியில் அவர் என்னை அனுப்புவதற்காகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"சரி, நானும் வாறன். என்ர கண்ணால பாக்கிறன். பாத்திட்டு நான் வேண்டாம் எண்டா அதோட சரி. பிறகு ஒருத்தரும் இதைப்பற்றி என்னோட கதைக்கக் கூடாது."

பின்னால் நின்ற தர்சிகா என்னைப் பார்த்தாள். அவளுடைய வாழ்க்கை அந்த ஒரு நாளில் தொங்கியது. அந்த நாளையும் என்னை நம்பித்தான் விட்டிருந்தாள், பாவம்.

போகும் நாளன்று பிள்ளைகள் எல்லோரும் கஞ்சி போட்ட சீருடை, இரட்டைப் பின்னல், ஒரே அளவுப் பொட்டு. பாடசாலையின் மானம் பொட்டின் அளவில்தான் இருக்கிறது என்று நான் நம்பிய காலம் அது. நானோ கோபுரக் கரை வைத்த அரக்குச் சேலையும், அதே நிறத்தில் நடுவில் கல் வைத்த பெரிய பொட்டுமாகப் போனேன். தொழிற்சாலை பார்க்கப் போகிறவள் போலவா இருந்தேன்? பெண் பார்க்கப் போகும் கோஷ்டியின் தலைவி போல இருந்தேன்.

வாசலில் எங்களை வரவேற்றவர் நஸ்ரினா. தரக்கட்டுப்பாட்டு முகாமையாளர், மருதானைக்காரி, என் வயதுதான் இருக்கும். நாங்கள் தமிழ் என்றதும் முகம் மலர்ந்தது. ஆனால் உள்ளே போகுமுன் ஒரு அறையில் நிறுத்திச் சட்டம் சொன்னார்.

"வளையல், தோடு, கிளிப், மணிக்கூடு ஒண்டும் உள்ளுக்குப் போகேலாது. பொட்டும் அப்பிடித்தான், குறை நினைக்காதீங்க. இரும்பு விழுந்தா மெஷின் கண்டுபுடிச்சிரும். பொட்டக் கண்டுபுடிக்கிற மெஷின் இன்னும் வரல்ல."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

பிறகு வேஷம் போட்டோம். வெள்ளைக் கோட், தலைவலை, பூட்ஸ். என் சேலைக்கு மேல் அந்தக் கோட்டை மாட்டியபோது, தலையணை உறைக்குள் மெத்தையைத் திணித்த மாதிரி இருந்தேன். சிவபாலன் அண்ணருக்குத் தலைக்கு ஒரு வலை கொடுத்தார்கள். அவர் முகத்தைச் சுளித்தபடி போட்டுக்கொண்டார். அடுத்து மீசைக்கு ஒரு வலை கொடுத்தார்கள். வெள்ளவத்தை முழுக்க மரியாதை வாங்கிய மீசை, வெங்காயம் போல வலைக்குள் போனது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. தர்சிகா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகழுவும் இடத்தில் ஒரேயொரு கண்ணாடி. பிள்ளைகள் எல்லோரும் வழமைபோல் தங்கள் பொட்டுகளைக் கழற்றி அதில் ஒட்டினார்கள். கண்ணாடிக்கு அம்மை போட்டமாதிரி ஆகிவிட்டது. நான் அவர்களுக்குப் பின்னால் நின்று, "எல்லாரும் பொட்டைக் கழட்டியாச்சோ? வடிவாப் பாருங்கோ! நாங்கள் படிச்ச பிள்ளையள், ஒரு பிழையும் வரக்கூடாது!" என்று அதட்டிக்கொண்டே, கை கழுவுவதற்காகக் கோட்டின் கையை மேலே மடித்துவிட்டேன். என் பொட்டையும் கழற்றினேன். கண்ணாடி எட்டவில்லை. கை தானாக எங்கேயோ ஒட்டியது. கை கழுவினேன். கோட்டின் கையைக் கீழே இறக்கிவிட்டேன். எங்கே ஒட்டினேன் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், கண்ணாடியில்தான் என்று கோயிலில் வைத்துக்கூடச் சத்தியம் பண்ணியிருப்பேன்.

உள்ளே போனதும் எல்லோரும் வாயைப் பிளந்தோம். ஒரு பக்கம் மாவு தகடுபோல் வந்து வட்டம் வட்டமாக வெட்டுப்பட்டு, வீதியளவு நீளமான போறணைக்குள் போகிறது. மறுபக்கம் பொன்னிறப் பிஸ்கட்டாக வெளியே வந்து, ஆறுவதற்காக அகன்ற பெல்ட்டில் ஊர்வலம் போகிறது. பாமன்கடை பேக்கரியில் மட்டும் போறணை பார்த்த எனக்குத் தலை சுற்றியது. சிவபாலன் அண்ணர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கலியாண வீட்டில் சாப்பாடு பிடிக்காத மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நடந்துவந்தார்.

பெல்ட்டின் ஓரமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. நஸ்ரினா அதைக் காட்டினார்.

"இத இழுத்தா இந்த பெல்ட் நிக்கும். பிஸ்கட்டுக்குள்ள இருக்கக்கூடாத ஒண்டக் கண்டா யாரும் இழுக்கலாம். கூட்டுற ஆளும் இழுக்கலாம், இண்டைக்கு வந்த ஆளும் இழுக்கலாம். யார்ட்டயும் கேட்டுக்கொண்டு நிக்கத் தேவல்ல."

இத்தோடு அவரைத் தொடர்ந்து பேச விட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த ஆசிரியை சும்மா இருப்பாளா? என் பிள்ளைகளுக்கு, அதுவும் சிவபாலன் அண்ணர் கேட்கும்படி, நானும் ஏதாவது விளக்காவிட்டால் மரியாதை இல்லையே. பெல்ட்டுக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டினேன்.

"பிள்ளையள், இஞ்ச பாருங்கோ! இந்த ஒழுங்கு, இந்தச் சுத்தம்! இதைத்தான் நான் உங்களுக்குச் சனிக்கிழமையள்ல சொன்னனான்!"

சுத்தம் என்ற சொல்லுக்குக் கையை இன்னும் ஒருமுறை நன்றாக உதறினேன்.

கண்மூடித் திறப்பதற்குள் தர்சிகா என்னைத் தள்ளாத குறையாகத் தாண்டிப் போய்ச் சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

ஊளையிடுவதுபோல் ஒரு சத்தம். தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. பெல்ட் நின்றது. ஆனால் போறணை நிற்கவில்லை. அதை உடனே நிறுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் கருகிவிடுமாம். அதனால் போறணை தன் பாட்டில் பிஸ்கட்டுகளை வெளியே தள்ளத் தள்ள, அவை நின்ற பெல்ட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, குவிந்து, பிறகு இரண்டு பக்கமும் பொலபொலவென்று தரையில் கொட்டத் தொடங்கின. வேலையாட்கள் நாலு பக்கமிருந்தும் பெட்டிகளோடு ஓடிவந்தார்கள். "மொகத வுனே? மொகத வுனே?" என்று என்ன நடந்தது என்பதை ஒருவரையொருவர் கேட்டார்கள். என் கால் பூட்ஸ் மட்டத்துக்குப் பிஸ்கட்.

எனக்கு வந்த அதிர்ச்சியில் ஒரு கணம் மூச்சு வரவில்லை. அடுத்த கணம் மூச்சோடு குரலும் வந்தது.

"தர்சிகா! உமக்கென்ன விசரே? ஆரைக் கேட்டு இழுத்தனீர்?"

"மிஸ்..."

"வாயை மூடும்! இவ்வளவு நாளாச் சொல்லிக் குடுத்ததுக்கு இதுதானோ நீர் செய்யிற மரியாதை? பாடசாலையின்ர மானத்தையே வாங்கிப்போட்டீர்! இனி ஆர் எங்களை வாசலுக்குள்ள விடுவாங்கள்?"

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கயிற்றை விடவில்லை.

"மிஸ், உங்கட பொட்டு விழுந்திட்டுது."

"என்ர பொட்டோ? அதை நான் அப்பவே கழட்டி..." என்று சொல்லிக்கொண்டே கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் கொண்டுபோன கையின் மணிக்கட்டில் ஏதோ பிசுபிசுத்தது. கோட்டின் கையைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில், ஒட்டுப்பொட்டின் பசை வட்டமாக, ஒரு முத்திரைபோலப் பதிந்திருந்தது.

பேயறைந்தவளாக நின்றேன். நஸ்ரினா என் முகத்தையும் பசையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு திரும்பி வேலையாட்களுக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "பொட்டுவ... பொட்டுவ..." என்று அந்தச் செய்தி கட்டடத்தின் மறுகோடிவரை போவது காதில் கேட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் அந்த நேரம் என் பொட்டைப்பற்றித் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

பொட்டு கிடைக்கும்வரை ஒரு பிஸ்கட்டும் நகராது என்றார் நஸ்ரினா. "கண் நல்லாத் தெரியிற எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டார். பெட்டி பெட்டியாக மேசைகளில் கொட்டினோம். பிள்ளைகள், வேலையாட்கள், நான் எல்லோரும் குனிந்து தேடினோம். பிஸ்கட்டோ பழுப்பு, பொட்டோ அரக்கு. (மஞ்சள் சேலை கட்டியிருந்தால் என்ன என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.) என் கண்ணீர் வேறு மேசையில் விழப்போக, ஒரு தொழிலாளிப் பெண் அவசரமாக என்னைப் பின்னால் இழுத்தாள். கண்ணீரும் பிஸ்கட்டுக்குள் இருக்கக்கூடாததுதானே.

கடைசியில் ஒரு குரல் கேட்டது. "இந்தா!"

சிவபாலன் அண்ணர். ஆயிரம் சேலைக்குள் ஒரு நூல் பிசகைப் பிடிக்கும் கண் அல்லவா? வலைக்குள் மீசை துடிக்க, ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார். என் பொட்டு அதன் சரியான நடுவில் உட்கார்ந்திருந்தது. கல் மினுங்கியது. நெற்றி வெறுமையாக நின்ற என்னைவிட அந்தப் பிஸ்கட் எவ்வளவோ மங்களகரமாக இருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பொட்டுக் கிடைத்தும், கீழே கொட்டியதும் மேசையில் கொட்டியதும் இனி மாட்டுத் தீவனத்துக்குத்தான் என்றார்கள்.

நஸ்ரினா என்னையும் சிவபாலன் அண்ணரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இனிமேல் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து, நான் உட்காராமலே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"எல்லாம் என்ர பிழை. பிள்ளையளைத் தண்டிச்சுப்போடாதேங்கோ. அந்தப் பிள்ளை பயத்திலதான் கயிறை இழுத்திட்டா..."

"அந்தப் புள்ளயப்பத்தித்தான் கதைக்கணும்" என்றார் நஸ்ரினா. "அவ பயத்தில இழுக்கல்ல டீச்சர். எங்கட ஆக்களே ஒண்டக் கண்டா முதல்ல மத்தவங்கட முகத்தப் பாப்பாங்க. இழுக்கவா வேணாமா எண்டு யோசிப்பாங்க. அதுக்குள்ள சாமான் பெட்டிக்குள்ள போயிரும். இவ விழுந்தது டீச்சர்ட பொட்டு எண்டு தெரிஞ்சும் இழுத்தா. நீங்க ஏசக்குள்ளயும் கயித்த விடல்ல. எனக்கு அந்தப் புள்ள வேணும். மத்தப் புள்ளைகளையும் நேர்முகத்துக்கு அனுப்புங்க."

எனக்கு அன்றைய இரண்டாவது அதிர்ச்சி அது. தொப்பென்று உட்கார்ந்தேன்.

சிவபாலன் அண்ணர் எழுந்தார். "நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

திரும்பி வந்த பஸ்ஸில் நான் போய்த் தர்சிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சுக்கொள்ளும் பிள்ளை" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவள் பார்வை முன் இருக்கையில் இருந்த அப்பாவின் பிடரியிலேயே இருந்தது. தெகிவளை தாண்டியது. அவர் திரும்பவில்லை. வெள்ளவத்தைச் சந்தை தெரியத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். மீசையை ஒருமுறை நீவினார்.

"டீச்சர், என்ர பிள்ளை ஒரு கயிறை இழுத்தாள். அவ்வளவு பெரிய ஃபெக்டரி நிண்டது. அவ்வளவு பேரும் என்ன, ஏது எண்டு ஓடி வந்தாங்கள். என்ர வீட்டில நான் நாள் முழுக்கக் கத்தினாலும் ஒரு ஃபேன் நிக்காது." மகளைப் பார்த்தார். "போகட்டும். படிக்கட்டும்."

தர்சிகா அழுதாள். நானும் அழுதேன். சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து வானொலியை நிறுத்தினார்.

அன்று வீட்டுக்கு வந்து மாமியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மாமி கன்னத்தில் கைவைத்து அதிர்ந்துபோய்க் கேட்டார். "ஐயோ பிள்ளை! புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்க பொட்டை ஏன் கழட்டினனீர்?" பிஸ்கட்டைப்பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரோ அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாளி வந்தால், பிஸ்கட் தட்டை நீட்டுமுன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "நெத்தி வெறுமைதான், பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்பார். விருந்தாளி விழிப்பார். பிறகு முழுக் கதையும் தேத்தண்ணீரோடு பரிமாறப்படும். எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்.

தர்சிகா இன்று அந்தத் தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் முதல் வகுப்பு எடுப்பவள். நான் வருடா வருடம் அங்கே சேரும் என் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் அமர்கிறேன். முதலில் திரையில் ஒரு பிஸ்கட்டின் படம் வரும், பெரிதாக, பொட்டோடு. தர்சிகா கதையைச் சிங்களத்திலும் தமிழிலும் சொல்வாள். பெயர் சொல்லமாட்டாள். "ஒரு டீச்சர்" என்று மட்டும் சொல்வாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் யாரோ மூன்றாம் ஆள் மாதிரி சிரிப்பேன்.

போன தடவை, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "மிஸ், பிறகு அந்த டீச்சருக்கு என்ன தண்டனை குடுத்தவை?" என்று கேட்டாள்.

தர்சிகா கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"வருசா வருசம் இஞ்ச கூப்பிட்டு, இந்தக் கதையை முழுக்கக் கேக்க வைக்கிறம்."